அளவு ஜாக்கெட்

ஜூன் 12, திங்கள்

இன்று முதல் எழுதி வைக்கப்போகிறேன். இத்தனை வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். எழுதி வைக்காத எதையும் பின்னால் வருகிறவன் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடுவான்.

கல்லூரியில் மகளிர் மன்றக் கூட்டம். ஆள் சேராது என்று பயந்து எங்கள் துறையைக் கொண்டுபோய் முன்வரிசையில் நிரப்பினார் தனபால். தனபால் எனக்கு இளையவர், ஆனால் துறைத்தலைவர். அது எப்படி நடந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. நிர்வாகக் குழுவில் அவருடைய மாமனார் இருக்கிறார் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

பேச வந்தவர் ஷெரின் என்ற பெண் மருத்துவர். பிளாஸ்டிக் சர்ஜன், நாகர்கோவில்காரர், என் மகள் பூரணியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். புற்றுநோய்க்காக மார்பை எடுத்துவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம் என்றார். வயிற்றுச் சதையை எடுத்து அங்கே வைத்துத் தைத்துப் புதிதாக ஒன்றை உருவாக்க முடியுமாம். பலருக்கு அதே ஆபரேஷனிலேயே செய்துவிடலாமாம். வருடங்கள் கழித்தும் செய்யலாமாம்.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் என் மனைவி செண்பகத்துக்கு இடதுபக்கம் எடுத்தபோது, மதுரையில் அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில், ஒருவன் இதைச் சொன்னானா? ஒரு வார்த்தை? என் மைத்துனன் குற்றாலம் மட்டும் 'உயிர் பொழச்சாப் போதும்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். இரும்புக்கடை வைத்திருப்பவனுக்கு வேறு என்ன தோன்றும்? அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். செண்பகம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்படியா?" என்றாள்.

இவ்வளவுதான். கை கழுவிவிட்டு இடதுகையை இடுப்பில் ஊன்றி நின்றாள். இப்போதெல்லாம் போலீஸ்காரி மாதிரி அப்படித்தான் நிற்கிறாள். முன்பு இந்தத் தோரணை கிடையாது.

ஜூன் 14, புதன்

மதுரை ஆஸ்பத்திரிக்குப் புகார்க் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன். நகல் ஒன்று பத்திரிகைக்கும் போகும். நோயாளியின் குடும்பத்துக்குத் தகவல் சொல்லாமல் மறைத்தது முதல் குற்றம். நான்கு பக்கம் வந்துவிட்டது.

மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. இந்த ஊரில் வருகிறேன் என்பது ஒரு மரியாதைச் சொல், அவ்வளவே.

ஜூன் 18, ஞாயிறு

குற்றாலத்தின் புது வீட்டுப் பால்காய்ப்பு. போகவே கூடாது என்றிருந்தேன். எனக்குத் தொலைபேசியில்தான் அழைப்பு, தனபால் வீட்டுக்குப் பத்திரிகை நேரில் போயிருக்கிறது. செண்பகம் தம்பி வீடு என்பதால் போனோம்.

செண்பகம் ஜாக்கெட்டுக்குள் ஒரு திண்டு வைத்துக்கொள்கிறாள். என் பழைய வேட்டித் துணியில் பஞ்சு வைத்து, கனத்துக்குக் கொஞ்சம் கடுகும் போட்டு அவளே தைத்தது. மாடிப்படி ஏறி இறங்கியதில் அது நழுவிக் கழுத்தெலும்பு வரை ஏறிவிட்டது. அவள் கவனிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பக்கத்திலிருந்தவளையும் இடித்துக் காட்டினாள்.

"என்ன பாக்கீங்க? கண்காட்சியா நடக்கு இங்க?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான். அதுவரை பார்க்காதவர்களும் பார்த்தார்கள்.

இலை போடுவதற்கு முன்னால் கிளம்பிவிட்டோம். குற்றாலம் வாசல்வரை ஓடி வந்தான். "சாப்பிடாமப் போகக்கூடாது அத்தான், முதல் பந்தி இப்ப போட்டிருவோம்" என்றான். நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

வ.உ.சி. மைதானம் தாண்டும்போது செண்பகம், "பேச்சி அடைப்பிரதமன் வச்சிருந்தா" என்றாள். பேச்சி, குற்றாலத்தின் மனைவி. ஊர் முழுக்க அவமானப்படுத்துகிறது, இவளுக்குப் பாயசம்.

ஜூன் 19, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். டாக்டர் ஷெரினிடம் நேரம் வாங்கியாயிற்று. இழந்ததை இழந்த மாதிரியே திரும்ப வாங்கித் தருவேன்.

ஜூன் 27, செவ்வாய்

டாக்டர் ஷெரினுக்கு மரியாதை தெரியவில்லை.

நான் வரிசையாக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். நோய் கண்டுபிடித்த தேதி, கீமோ, கதிர்வீச்சு, எல்லா அறிக்கைகளும் கோப்பில். அவர் என் பக்கம் பார்க்காமல் செண்பகத்திடம், "நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"அவளுக்குப் பழையபடி ஆக வேண்டும்" என்றேன்.

"சார், கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க. நான் அம்மாவப் பாக்கணும்."

"நான் அவள் கணவன்."

"தெரியும் சார்."

வெளியே உட்கார வைத்துவிட்டார். யாரோ ஒருவனின் கைப்பேசியில் ஓடிய சீரியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதுரையில் ஆயிரம் குறை சொன்னாலும் இந்த ஒரு பண்பு இருந்தது. 'வீட்டு ஆம்பளைங்க யாரு? இப்படி வாங்க' என்று வராந்தாவுக்குத் தனியாகக் கூப்பிட்டு, நிற்க வைத்து, பொறுமையாக விளக்குவார்கள். நோயாளியைப் பயமுறுத்தாமல் காரியம் நடக்கும். இங்கே எல்லாம் தலைகீழ்.

பிறகு உள்ளே கூப்பிட்டார். இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வெட்டி, சதையையும் ரத்தக்குழாயையும் எடுத்து மேலே இணைப்பார்களாம். நாள் முழுக்க ஓடுகிற ஆபரேஷன். மறுபக்கத்துக்குப் பொருத்தமான அளவில் செய்ய முயல்வோம் என்றார். முயல்வோம்! உத்தேசமாகச் செய்கிற வேலையா இது?

"யோசிச்சு அம்மா ஒரு முடிவு சொல்லட்டும்" என்றார் கடைசியாக. முடிவைத்தான் நான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

ஜூலை 3, திங்கள்

விடைத்தாள் திருத்தும் வேலை. பாண்டியர் கால நீர்ப்பாசனத்தைப் பற்றிக் கேட்டால் ஒருவன் காவிரியைப் பற்றி எழுதியிருக்கிறான்.

நான் கூடத்தில் படுப்பதைப் பற்றிப் பூரணி பெங்களூரிலிருந்து போனில் கேட்டாள். படுக்கையறை மின்விசிறி கடகடக்கிறது, அதனால் என்றேன். அதை மாற்றி ரொம்ப நாள் ஆச்சேப்பா என்றாள். மகள்களுக்கு எல்லாம் தெரியும். செண்பகம் புடவை மாற்ற அறைக்குள் போனால் தாழ்ப்பாள் போடுகிறாளே, அது தெரியுமா? என் வீட்டில் எனக்கே தாழ்ப்பாள். அதைப் பற்றி யாரும் போன் போட்டுக் கேட்பதில்லை.

ஜூலை 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செண்பகத்துக்கு ஒரு மெரூன் நிற ஜாக்கெட் இருக்கிறது. பூரணி பிறப்பதற்கு முன் தைத்தது. எங்கள் தெருமுனைத் தையற்கடை மும்தாஜிடம் எந்தப் புதுத் துணி போனாலும் கூடவே அளவுக்கு அந்த மெரூன் ஜாக்கெட்டும் போகும். இந்த மூன்று வருடமும் அதுதான் போகிறது. தைத்து வருவதன் இடதுபக்கத்தைத் திண்டால் நிரப்பிக்கொள்வாள்.

டாக்டர் 'முயல்வோம்' என்றது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அளவு தெரியாமல் எப்படிச் செய்வார்கள்? ஒரு தையல்காரியே ஆதாரம் இல்லாமல் கத்தரிக்கோலை எடுப்பதில்லை. ஆகவே காலையில் பீரோவிலிருந்து அந்த ஜாக்கெட்டை எடுத்து, பாலித்தீன் உறையில் போட்டு, கோப்பில் வைத்துக்கொண்டேன். செண்பகத்தோடு போய், டாக்டரின் மேஜைமேல் விரித்து வைத்தேன்.

"என்ன சார் இது?"

"அளவு ஜாக்கெட். இதன்படி செய்யுங்கள்."

டாக்டர் அதையே பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"இது எப்பத்துல உள்ளது சார்?"

சொன்னேன்.

"அவங்களுக்கு இப்ப அம்பத்திரண்டு வயசு. நல்லா இருக்குற பக்கமே இதுக்குள்ள போகாதே சார்."

அப்போது செண்பகம் சிரித்தாள். புன்னகை இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "கை வைக்குற எடத்துல ரெண்டு தடவ பிரிச்சி விட்டாச்சி டாக்டர், மும்தாஜு ஒவ்வொரு தடவையும் நாலு விரக்கடை கூட்டித்தான் வெட்டுதா. இவுகளுக்குத் தெரியாது" என்றாள். மூன்று பெண்களும் சிரித்தார்கள். நான் ஜாக்கெட்டை மடித்து உறையில் வைத்தேன்.

சிரிப்பு அடங்கியதும் டாக்டர், "அம்மா உங்ககிட்ட சொல்லிட்டாங்களா?" என்றார்.

"எதை?"

செண்பகம்தான் சொன்னாள். "எனக்குப் புதுசா ஒண்ணும் வேண்டாம்னு டாக்டர்ட்ட போன்லயே சொல்லிட்டேன். கக்கத்துக்குக் கீழ பழைய தையல் முடியுற எடத்துல தோல் மடிஞ்சி மடிஞ்சி நிக்கி. கையத் தொங்கப்போட்டா உரசி ரணமாயிருது. அத மட்டும் எடுத்துச் சமமாத் தச்சி விடுங்கன்னு கேட்டிருக்கேன்."

"எப்போதிருந்து உரசுகிறது?"

"அப்போருந்தே."

"என்னிடம் சொல்லவில்லையே?"

டாக்டர் கணினித் திரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அதாவது நான் நான்கு பக்கக் கடிதம், கோப்பு, நேரம் வாங்குதல் என்று ஒரு முழு மார்புக்காகப் போராடிக்கொண்டிருக்க, இவள் ஒரு மடிப்பை வெட்டிவிடக் கேட்டிருக்கிறாள். என்னைக் கேட்காமல்.

பஸ்ஸில் கேட்டேன். "உனக்கு வேண்டாமா, இல்லை பயமா?"

"அப்பவே கேட்டிருந்தா வேணும்னு சொல்லிருப்பேன். அப்ப வேணும் போலத்தான் இருந்துச்சு. அழுது அழுது கெடந்தேன். இப்ப வயித்த வேற எதுக்குக் கிழிக்கணும்?"

"அதைத்தான் நானும் சொல்கிறேன். கேட்டிருக்க வேண்டும். அந்த அயோக்கியர்கள் கேட்கவில்லை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 9, ஞாயிறு

குற்றாலம் வந்தான். அன்றைக்குச் சாப்பிடாமல் போனதற்காக ஒரு தூக்கில் அடைப்பிரதமன் கொண்டுவந்திருந்தான். மூன்று வாரம் கழித்துச் செய்த வேறு பாயசம். நல்ல எண்ணம் என்று காட்டிக்கொள்ள.

மேஜைமேல் இருந்த புகார்க் கடிதத்தைப் பார்த்துவிட்டான். எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"என்ன அத்தான், ஒரு வார்த்த சொல்லலன்னு எழுதியிருக்கீங்க? அந்த டாக்டரு சொன்னாரே."

"எந்த டாக்டர்?"

"மதுர டாக்டருதான். நம்ம ரெண்டு பேரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டாருல்லா. வேற ஒரு டாக்டரையும் வச்சி அதே நேரத்துல வயித்துச் சதைய எடுத்துத் தச்சிரலாம், வீட்டம்மாட்ட கேட்டுட்டு வந்து சொல்லுங்கன்னாரு."

"உனக்கு ஞாபகம் பிசகுகிறது."

"பிசகலியே. நான் அக்காட்ட கேப்பமான்னேன். நீங்கதான், 'உயிர் பொழச்சாப் போதும் சார், இந்த வயசுல அலங்காரம் எதுக்கு'ன்னீங்க. அவரும் சரின்னுட்டுப் போயிட்டாரு. நான் கூட ஊர்ல வந்து அதத்தான் எல்லாருட்டயும் சொன்னேன், அத்தான் இப்படிப் பக்குவமாச் சொல்லிட்டாகன்னு."

பொய். போன தீபாவளிக்குக் கடையை எத்தனை நாள் அடைத்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாத ஆள், மூன்று வருடத்துக்கு முன் வராந்தாவில் யார் என்ன சொன்னார்கள் என்று சாட்சி சொல்கிறான். 'இல்லை' என்றேன். 'நீதான் சொன்னாய்' என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. செண்பகம் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தாள்.

"சத்தம் போடாதீங்க ரெண்டு பேரும். அன்னைக்கு மதுரையில ரூம் கதவு சாத்தல. எனக்கும் காது கேட்டுச்சு" என்றாள். "காப்பி ஆறுது."

குற்றாலம் காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். எனக்குத் தலைவலி. மேற்கொண்டு எழுதவில்லை.

ஜூலை 10, திங்கள்

கடிதத்தில் முதல் பத்தியைத் திருத்த வேண்டும். நேரமில்லை.

ஜூலை 15, சனி

மறுபடியும் பேசிப் பார்த்தேன். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவளுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்பதற்காகத்தான்.

"எனக்கு ஒரு தலகுனிவும் இல்ல. அன்னைக்கு நீங்க கத்தாம இருந்தா, நான் பாத்ரூம் போயி சரி பண்ணிட்டு வந்து சாப்பிட்டிருப்பேன்."

"அப்புறம் ஏன் எனக்குத் தாழ்ப்பாள் போடுகிறாய்? வெட்கப்பட்டுத்தானே?"

"வெக்கமா?" என்றாள். உளுந்தம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரியில மொதத் தடவ கட்டுப் பிரிக்கைல நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. வீட்டுக்கு வந்த பொறவு பேச்சிதான் ஒரு மாசம் வந்து கட்டுப் போட்டா, நீங்க வாசல்ல பேப்பர் படிச்சீங்க. இன்னொரு தடவ அந்த மூஞ்சியப் பாக்க வேண்டாம்னுதான் தாழ்ப்பா. அந்த மெரூன் ஜாக்கெட்டு உங்களுக்குத்தான் வேணும். எனக்கு வேண்டியது கைய எறக்கி நிக்கணும்."

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு அறையில் வேறு பெண்களும் இருந்தார்கள். ஒரு ஆண் திரும்பிக்கொள்வது நாகரிகம். அதை இப்படியும் எடுத்துக்கொள்ள முடியும் என்று யார் கண்டார்கள்?

சுளகில் இருந்த உளுந்தை நான்தான் பொறுக்கி முடித்தேன். பாதி கல். கடைக்காரனைக் கேட்க வேண்டும்.

ஜூலை 22, சனி

ஆபரேஷன். மடிப்பை எடுக்கிற சின்ன ஆபரேஷன்தான் என்றார்கள். சின்னதோ பெரியதோ, சக்கரப் படுக்கை கதவுக்குள் போகும்போது சத்தம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. காத்திருக்கும் இடத்தில் போட்டிருக்கும் நாற்காலிகளை வடிவமைத்தவனைக் கொண்டுவந்து அதில் உட்கார வைக்க வேண்டும்.

குற்றாலமும் வந்திருந்தான். எனக்கு இட்லி வாங்கி வந்தான். சாப்பிட்டேன்.

மதியம் டாக்டர் ஷெரின் வெளியே வந்தார். நானும் குற்றாலமும் எழுந்து அவரோடு வராந்தா ஓரமாகப் போனோம். பழக்கம். டாக்டர், "நல்லபடியா முடிஞ்சது சார். அப்புறம், கட்டுப் போடுறது பத்தி..." என்று ஆரம்பித்தார்.

எனக்குக் கால் வலித்தது. நின்று கேட்கிற வயதில்லை எனக்கு. "எதுவாக இருந்தாலும் உள்ளே போய் அவளிடமே சொல்லுங்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்" என்றேன்.

"மயக்கம் முழுசாத் தெளியலையே சார்."

"தெளியட்டும். என்ன அவசரம்?"

குற்றாலம் என்னையே பார்த்தான். என்னத்துக்குப் பார்க்கிறான் என்று தெரியவில்லை. இட்லிக்குச் சட்னி மட்டும்தான் வாங்கியிருந்தான், சாம்பாரை மறந்துவிட்டான்.

ஜூலை 24, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். சாயங்காலம் கட்டு மாற்ற வேண்டும். பேச்சி வழக்கம்போலப் பையோடு வந்தாள்.

செண்பகம், "நீ போயி டீ போட்டுக் குடி பேச்சி. அவுக பாத்துக்கிடுவாக" என்றாள்.

"அண்ணாச்சியா?" என்றாள் பேச்சி. என் முன்னாலேயே.

என்னை யாரும் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பயிற்சி இல்லாத ஒருவனிடம் இப்படி ஒரு வேலையைத் தள்ளுவது பொறுப்பற்ற செயல். தொற்று வந்தால் யார் பதில் சொல்வது? இதையெல்லாம் சொல்லிக்கொண்டே சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். அறைக்குள் போனேன். தாழ்ப்பாள் போடவில்லை. கதவை நான்தான் சாத்தினேன்.

பழைய கட்டைப் பிரித்தேன்.

இத்தனை வருடம் நான் எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன என்று எழுதத் தெரியவில்லை. அங்கே அது எதுவும் இல்லை. நெஞ்சு இருந்தது. செண்பகத்தின் நிறத்திலேயே, கதிர்வீச்சு பட்ட இடம் மட்டும் கொஞ்சம் கறுத்து, தட்டையாக. நடுவில் ஒரு கோடு. நெஞ்செலும்பிலிருந்து கக்கம் வரை சாய்ந்து போகிறது. பழைய பாதி வெளுத்திருக்கிறது, புதிய பாதி சிவந்து தையலோடு இருக்கிறது. கோட்டுக்குப் பக்கத்திலேயே உள்ளே இதயம் அடிப்பது வெளியே தெரிகிறது. தோல் மெல்ல ஏறி இறங்குகிறது. அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது அது.

மதுரைக்காரர்கள் தைத்த லட்சணம் ஒரு கோணல். சாக்கு தைக்கிறவன்கூட இதைவிட நேராகத் தைப்பான்.

"எத்தன தடவ பிரிச்சிப் பிரிச்சி ஒட்டுவீங்க?" என்றாள்.

"பிளாஸ்டர் சரியில்லை. ஒட்டவே மாட்டேன் என்கிறது."

"ஒட்டும். மூஞ்சியத் திருப்பாம ஒட்டுங்க."

"நான் எங்கே திருப்பினேன்?"

"இல்ல. திருப்பலதான்" என்றாள்.

ஒட்டி முடித்தேன். டீ போட்டுக்கொண்டிருந்த பேச்சி சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தாள். குடிக்க முடியவில்லை, குடித்தேன்.

ஆகஸ்ட் 2, புதன்

தையல் பிரித்தாயிற்று. டாக்டர் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். கட்டு நன்றாகப் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் செண்பகம் இரண்டு கையையும் தொங்கப்போட்டு நின்றாள். சும்மா. பஸ் வரத் தாமதமாயிற்று. இந்த ஊர்ப் போக்குவரத்தைப் பற்றி ஒரு தனிப் புகார் எழுதலாம்.

மதுரைக் கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை. முதல் பத்தி அமையவில்லை. 'ஒரு வார்த்தை சொல்லவில்லை' என்ற வரியை அடித்துவிட்டு, 'நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை' என்று எழுதினேன். அதற்குப் பிறகு அந்தக் கடிதம் யார் யாருக்குப் போக வேண்டும் என்பதில் குழப்பம் வருகிறது. மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

படுக்கையறை மின்விசிறி உண்மையில் கடகடக்கவில்லை. கூடத்தில்தான் கொசு.

செண்பகம் நாலு நாளாகக் கையாலேயே ஒரு ஜாக்கெட் தைத்தாள். வெளிர்ப்பச்சை. வலதுபக்கம் அவளுடைய இப்போதைய அளவுக்கு, இடதுபக்கம் தட்டையாக. திண்டைப் பிரித்துக் கடுகை டப்பாவில் கொட்டிவிட்டாள். இன்றைக்கு ரசத்தில் தாளித்தது அதுதானா என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

மெரூன் ஜாக்கெட்டை என்ன செய்வது என்று நான்தான் கேட்டேன். "ஒங்க புஸ்தகம் தூசி தட்ட வச்சிக்கிடுங்க, நல்ல காட்டன்" என்றாள். தூசி தட்டவில்லை. மடித்து உறையிலேயே வைத்திருக்கிறேன்.

பச்சை ஜாக்கெட்டையும் பூரணி அனுப்பிய புதுத் துணியையும் கொண்டுபோய் மும்தாஜிடம் கொடுக்கச் சொன்னாள். போனேன். மும்தாஜ் ஜாக்கெட்டை விரித்தாள், புரட்டினாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது. மூன்று வருடமும் பழைய அளவுதானே போனது.

"இது சரியில்லயே சார். எடதுபக்கம் கப்பே இல்லாம தச்சி வச்சிருக்காங்க. பழைய மெரூன் இருக்கும்லா, அதக் குடுத்து விடுங்க. அக்கா மாத்திக் குடுத்து விட்டுட்டாங்க போல."

கடையில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். வாசலில் பால்காரர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"மாற்றிக் கொடுக்கவில்லை. அவள் அளவு இதுதான். நூல் பிசகாமல் இதன்படி தை" என்றேன்.

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. தெருவில் போனவர்களும் நின்று பார்த்தார்கள்.

பார்க்கட்டும்.